பாஸிக்ஸ்: நடை மெதுவாக இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும்

மேக்புக்கில் பக்காவாக ஓடிய ஸ்கிரிப்ட், லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் மக்கர் பண்ணுகிறது. மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் பலருக்கும் பழகிப்போன தலைவலி இது. கோப்புக்குள் ஒரு சொல்லை மாற்ற உதவும் 'செட்' கட்டளையையே எடுத்துக்கொள்ளலாம். கோப்பை அதே இடத்தில் திருத்தச் சொல்லும் '-ஐ' என்ற தெரிவு இரண்டிலும் உண்டு. ஆனால் மேக்கில் அதற்குப் பின்னால் பேக்கப் கோப்புக்கான பின்னொட்டைத் தனியாகக் கொடுத்தாக வேண்டும், காலியாகவாவது. லினக்ஸில் அதே மாதிரி கொடுத்தால் பிழை வந்து நிற்கும்.

காரணம் எளிது. அந்தத் தெரிவு தரநிலையிலேயே கிடையாது. ஆளாளுக்கு ஒரு விதமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அது என்ன தரநிலை? அதன் பெயர் பாஸிக்ஸ். சுமார் 4,000 பக்கம் கொண்ட ஆவணம். இரண்டு கணினிகள் எதில் ஒத்துப்போக வேண்டும் என்பதை அதுதான் எழுதி வைத்திருக்கிறது. அதன் புதிய பதிப்பு 2024 ஜூன் 14 அன்று வெளியானது. இதற்கு முந்தைய பெரிய பதிப்பு 2008ல் வந்தது. நடுவில் திருத்தங்கள் மட்டும்தான்.

வருஷத்துக்கு ஒரு போன் மாற்றும் காலத்தில் ஒரு தரநிலைக்கு 16 வருஷமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் பாஸிக்ஸின் வரலாற்றைப் பார்த்தால், அது அவசரப்பட்ட இடங்களில்தான் சறுக்கியிருக்கிறது. கவலைப்பட வேண்டிய விஷயம் அதன் வேகம் அல்ல. அதை யார் படிக்க முடிகிறது, யார் எழுதுகிறார்கள் என்பதுதான்.

பாஸிக்ஸ் அப்படின்னா என்ன?

எந்த ஊர் ஓட்டலுக்குப் போனாலும் "ஒரு காபி, சர்க்கரை கம்மி" என்று சொன்னால் போதும். சமையலறையில் எரிவது விறகா, கேஸா என்று கேட்க வேண்டியதில்லை. சொல்லும் விதமும் வந்து சேரும் பொருளும் மாறாமல் இருந்தால் சரி.

கணினியில் சமையலறை என்பது இயங்குதளம். சாப்பிட வந்தவர் நிரல். 'இந்தக் கோப்பைத் திற', 'இதில் எழுது', 'புதிதாக ஒரு வேலையைத் தொடங்கு', 'அது முடியும்வரை காத்திரு' என்று நிரல்கள் இயங்குதளத்திடம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்படிக் கேட்பதற்கான சொற்களின் பட்டியல்தான் பாஸிக்ஸ். ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும், தோற்றுப்போனால் எந்தப் பிழையைச் சொல்ல வேண்டும் என்பது வரை அதில் இருக்கும். உள்ளே எப்படிச் செய்வது என்பதை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது.

ஐபோனின் அடியில் இருப்பது யூனிக்ஸ் வழிவந்த டார்வின். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ். இரண்டும் பாஸிக்ஸை முழுதாக அப்படியே பின்பற்றுவதில்லை. இருந்தாலும் இரண்டுக்கும் அடித்தளத்தில் பொதுவான மொழி அதுதான். ஒரே சி மொழி நூலகத்தைப் பெரிய மாற்றமில்லாமல் இரண்டு போன்களிலும் ஓட வைக்க முடிவது இதனால்தான்.

ஏன் தேவைப்பட்டது?

1969ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். 1973ல் அதைச் சி மொழியில் திரும்ப எழுதினார்கள். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போவது அதனால் சுலபமானது. அதுவே சிக்கலுக்கும் வழிவிட்டது.

1980களில் ஒவ்வொரு நிறுவனமும் சொந்தமாக ஒரு யூனிக்ஸ் வைத்திருந்தது. ஏடி&டி ஒரு பக்கம், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி இன்னொரு பக்கம், நடுவில் சன், ஐபிஎம், எச்பி, டெக் என்று ஆளுக்கொரு வடிவம். ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. வாடிக்கையாளர் ஒரு நிறுவனத்திடம் சிக்கினால் சிக்கியதுதான்.

இதைச் சரிசெய்ய முதலில் கிளம்பியவர்கள் பயனர்கள்தான். யூனிக்ஸ் பயனர் அமைப்பு ஒன்று 1984ல் ஒரு பொதுத் தரநிலையை வெளியிட்டது. அதை அடிப்படையாக வைத்து ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு வேலையைத் தொடர்ந்தது. முதல் பாஸிக்ஸ் தரநிலை 1988ல் வந்தது. அந்தப் பெயரைப் பரிந்துரைத்தவர், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன். 'பாஸிட்டிவ்' என்பதில் வரும் 'பா' போல உச்சரிக்க வேண்டும் என்பது வழக்கம்.

1990ல் அது 9945 என்ற எண்ணோடு சர்வதேசத் தரநிலையாகவும் ஆனது. கட்டளைகளுக்கும் ஷெல்லுக்குமான இரண்டாம் பகுதியை ஐஇஇஇ 1992ல் முடித்தது. ஒரே நேரத்தில் பல வேலைகளை நடத்தும் 'திரெட்' வசதிக்கான பகுதி 1995ல் வந்தது.

டிக் போட்டால் போதுமா?

தரநிலை எழுதினால் மட்டும் யார் கேட்பார்கள்? பெரிய வாடிக்கையாளர் சொன்னால் கேட்பார்கள். அமெரிக்க அரசு பாஸிக்ஸை 'ஃபிப்ஸ் 151' என்ற பெயரில் தன் கொள்முதலுக்கான தரநிலையாக ஏற்றது. அரசு அலுவலகத்துக்குக் கணினி விற்க வேண்டுமா, பாஸிக்ஸ் இருக்க வேண்டும் என்ற நிலை வந்தது.

உடனே மைக்ரோசாஃப்டும் இறங்கியது. 1993ல் வந்த விண்டோஸ் என்டியில் பாஸிக்ஸுக்கென்று ஒரு துணை அமைப்பு இருந்தது. ஆனால் அதில் ஓடும் நிரலால் வலையமைப்பைத் தொட முடியாது, திரையில் ஒரு சன்னலைத் திறக்க முடியாது. தரநிலையின் முதல் பகுதி என்ன கேட்டதோ அது மட்டும் இருந்தது. டெண்டர் படிவத்தில் டிக் போட உதவியது. நிஜமான வேலைக்கு அதிகம் உதவவில்லை.

அதே மைக்ரோசாஃப்ட் 2016ல் விண்டோஸுக்குள் லினக்ஸ் நிரல்களை ஓடவைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. 2019ல் அறிவித்த அதன் இரண்டாம் வடிவத்தில் லினக்ஸ் கெர்னலையே உள்ளே வைத்தது. முதல் தடவை அரசுக்காகச் செய்தது. இரண்டாம் தடவை, டெவலப்பர்கள் வேறு பக்கம் போய்விடாமல் இருக்கச் செய்தது. எது நிலைத்தது என்று சொல்லத் தேவையில்லை. காகிதத்தில் ஒத்துப்போவது வேறு, புழக்கத்தில் ஒத்துப்போவது வேறு.

படிக்கவே காசு கேட்டால்?

1991 ஜூலை 3. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் பயனர்களிடம் ஓர் உதவி கேட்டார். பாஸிக்ஸ் விதிகளின் அண்மைப் பதிப்பு, முடிந்தால் கணினியில் படிக்கும் வடிவில், எங்கே கிடைக்கும்?

இலவசமாகக் கிடைக்காது என்பதுதான் பதில். தரநிலை விலைக்கு விற்கப்பட்டது. அவர் வேறு வழி பார்த்தார். பல்கலைக்கழகத்தில் இருந்த சன் கணினியின் கையேடுகளைப் பார்த்து, எந்தெந்த அழைப்புகள் எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு எழுதினார். ஆகஸ்ட் 25 அன்று, பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாக அறிவித்தார். அதுதான் லினக்ஸ். இன்று உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் உள்ள அத்தனையிலும் ஓடுவது அதுதான்.

இதைச் சுவையான கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். ஆனால் இதில் ஒரு பாடம் இருக்கிறது. பாஸிக்ஸை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்த மனிதருக்கே அந்த ஆவணம் கைக்கு எட்டவில்லை. அவர் கெட்டிக்காரர், சுற்றுவழி கண்டுபிடித்தார். அந்தக் கையேடுகளும் கிடைக்காத எத்தனை மாணவர்கள் அங்கேயே நின்றிருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை. எல்லாரும் பின்பற்ற வேண்டிய விதியை எல்லாராலும் படிக்க முடியாது என்றால், அது பொதுவிதி அல்ல.

ஆஸ்டினில் வந்த மாற்றம்

1990களில் இன்னொரு குழப்பமும் இருந்தது. ஐஇஇஇக்கு ஒரு பாஸிக்ஸ், யூனிக்ஸ் என்ற வணிகப் பெயரை வைத்திருந்த அமைப்புக்குத் தனியாக ஒரு யூனிக்ஸ் விவரக்குறிப்பு, ஐஎஸ்ஓவுக்கு அதன் சொந்தப் பணிக்குழு. ஒரே விஷயத்தைப் பல மேசைகளில் வைத்துப் பேசினார்கள். ஒரு மேசையில் திருத்தியது மற்றொன்றுக்குப் போய்ச் சேர வருஷங்கள் ஆகும்.

1998 செப்டம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் இவர்கள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அதிலிருந்து பிறந்தது ஆஸ்டின் குழு. ஐஇஇஇ, தி ஓப்பன் குரூப், ஐஎஸ்ஓ தரப்புக் குழு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே வாசகத்தை எழுதுவது என்று முடிவானது. 2001ல் அந்தப் பொது வாசகம் வெளிவந்தது.

இதைவிட முக்கியமான முடிவு ஒன்றும் அப்போது எடுக்கப்பட்டது. குழுவில் பங்கெடுக்கக் கட்டணம் கிடையாது. நிறுவனத்தின் சிபாரிசு வேண்டாம். தனிமனிதர் யாரும் சேரலாம். தி ஓப்பன் குரூப் தன் பதிப்பை இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்தது. 1991ல் டோர்வால்ட்ஸ் கேட்ட கேள்விக்கு இப்படியொரு பதில் கிடைத்தது. ஆனால் ஐஎஸ்ஓ இன்றும் தன் தரநிலைகளில் பெரும்பாலானவற்றை விலைக்குத்தான் விற்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சரி, ஏன் இவ்வளவு மெதுவு?

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. ஒரு கோப்பை யார் யார் திறக்கலாம், யார் திருத்தலாம் என்று ஆள்வாரியாக அனுமதி கொடுக்கும் முறைக்குப் பாஸிக்ஸில் ஒரு பாதுகாப்புப் பகுதி எழுதத் தொடங்கினார்கள். வரைவு 17 வரை போனது. புழக்கத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் செய்துகொண்டிருந்ததால் ஒருமித்த கருத்து வரவே இல்லை. 1998ல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். ஆனாலும் லினக்ஸில் அந்தக் கைவிடப்பட்ட வரைவின்படிதான் வசதி இருக்கிறது. எல்லாரும் அதை 'பாஸிக்ஸ் ஏசிஎல்' என்றே கூப்பிடுகிறார்கள். பெயரில் பாஸிக்ஸ் உண்டு, பாஸிக்ஸில் அது கிடையாது!

எதிர்த்திசையில் ஒரு உதாரணமும் இருக்கிறது. எழுத்துத் தொடரை நகலெடுக்கும்போது நினைவகத்தின் எல்லை தாண்டி எழுதிவிடுவது பழைய சி நிரல்களின் தீராத நோய். ஹேக்கர்கள் உள்ளே வரும் வாசலும் அதுதான். இதற்கு மருந்தாக 1998ல் ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் 'எஸ்டிஆர்எல்சிபிஒய்' என்ற செயற்கூற்றைக் கொண்டுவந்தார்கள். லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள குனு சி நூலகம் பல வருஷம் அதை ஏற்க மறுத்து, 2023ல்தான் சேர்த்தது. 2024ல் அது பாஸிக்ஸுக்குள் வந்தது. 26 வருஷம்!

கேட்க அநியாயமாக இருக்கும். ஆனால் அந்த 26 வருஷமும் அது எண்ணற்ற நிரல்களில் ஓடி, அடிபட்டு, தேறி வந்திருக்கிறது. தரநிலைக் குழு எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஊரே நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைக்குக் கல் பதித்தது, அவ்வளவுதான். யாரும் நடக்காத இடத்தில் முதலில் கல்லைப் பதித்தால், பாதுகாப்பு வரைவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

புதிய பதிப்பு யாருக்கு உதவும்?

2024 பதிப்பில் உள்ள நான்கு விஷயங்கள் அன்றாட வேலையைத் தொடுகின்றன.

முதலாவது, நேரம். யூனிக்ஸ் வழிக் கணினிகள் 1970 ஜனவரி 1லிருந்து எத்தனை வினாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருக்கின்றன. அந்த எண்ணை 32 பிட்டில் வைத்திருக்கும் கருவிகளில் 2,147,483,647க்கு மேல் இடமில்லை. இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8:44:07க்கு அந்த எல்லை வந்துவிடும். அடுத்த வினாடி, கருவி 1901ஆம் ஆண்டுக்குப் போய்விடும். இனி இந்த எண் குறைந்தது 64 பிட் இருக்க வேண்டும் என்று புதிய பாஸிக்ஸ் கட்டாயமாக்கியிருக்கிறது. புதிய போன்களுக்கும் லேப்டாப்புகளுக்கும் இது பிரச்சினை இல்லை. தொழிற்சாலைக் கருவிகள், மீட்டர்கள், ரவுட்டர்கள் போல ஒருமுறை மாட்டினால் 15 வருஷம் கழற்றாத பொருள்கள்தான் கவலை. இன்று வாங்கும் கருவி 2038ல் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. வாங்குபவர் டெண்டரில் ஒரு வரி சேர்த்துக் கேட்பதற்கு இப்போது ஒரு ஆதாரம் கிடைத்திருக்கிறது.

இரண்டாவது, பொய் சொல்லும் வெற்றி. டேட்டாபேஸை எடுத்து, சுருக்கி, சேமிக்கும் வேலையை ஷெல்லில் ஒரே வரியில் குழாய் மாதிரி இணைத்து எழுதுவார்கள். முதல் கட்டளை தோற்றாலும் கடைசிக் கட்டளை ஜெயித்தால் மொத்தமும் வெற்றி என்றே ஷெல் சொல்லும். தினமும் பேக்கப் ஒழுங்காக நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். தேவைப்படும் நாளில் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. இதைத் தடுக்கும் 'பைப்ஃபெயில்' வசதி பாஷ் ஷெல்லில் 2004லேயே வந்துவிட்டது. 20 வருஷம் கழித்துத் தரநிலைக்குள் வந்திருக்கிறது.

மூன்றாவது, கோப்புப் பெயர். யூனிக்ஸ் வழியில் ஒரு கோப்பின் பெயருக்குள் வரிமுறிவுகூட இருக்கலாம். வரிவரியாகப் படிக்கும் ஸ்கிரிப்ட் அதை இரண்டு கோப்பு என்று நினைத்துவிடும். அழிக்கும் கட்டளையோடு சேர்ந்தால் விபரீதம்தான். அப்படிப்பட்ட பெயரை உருவாக்கும்போதே கட்டளைகள் பிழை சொல்லலாம் என்று புதிய பதிப்பு ஊக்குவிக்கிறது. ஏற்கெனவே அப்படி இருப்பவற்றைப் பத்திரமாகக் கையாள, குனுவிலும் பிஎஸ்டியிலும் பழகிய வழிகளைத் தரநிலையில் சேர்த்திருக்கிறது.

நான்காவது, மொழி. நிரலில் வரும் செய்திகளைத் தனியே பிரித்து, மொழிவாரியாகப் பெயர்த்து வைக்க உதவும் 'கெட்டெக்ஸ்ட்' முறை இப்போது பாஸிக்ஸின் பகுதி. குனோம், கேடிஇ போன்ற லினக்ஸ் மேசைத்தளங்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கியது இந்த முறையில்தான். பல்லாண்டுகளாகப் பழகிய கருவிக்கு இப்போது சர்வதேசத் தரநிலையில் இடம் கிடைத்திருக்கிறது.

லினக்ஸ் இருக்கே, பாஸிக்ஸ் எதுக்கு?

இது நியாயமான கேள்வி. சர்வர், கிளவுட், கன்டெய்னர் என்று எங்கே பார்த்தாலும் லினக்ஸ். கன்டெய்னர்களைத் தாங்கும் 'சிகுரூப்', ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்கும் 'ஈபோல்' எதுவும் பாஸிக்ஸில் இல்லை. லினக்ஸ் வகைகளில் பெரும்பாலானவை அதிகாரபூர்வச் சான்றிதழும் வாங்கவில்லை. மேக்கோ 2007லேயே யூனிக்ஸ் சான்றிதழ் வாங்கிவிட்டது. லினக்ஸ் செய்வதே தரநிலை என்று வைத்துக்கொண்டால் என்ன?

2006ல் உபுண்டுவில் நடந்ததைப் பார்த்தால் பதில் கிடைக்கும். அதுவரை 'எஸ்எச்' என்று கூப்பிட்டால் பாஷ் ஷெல் வந்து நிற்கும். 6.10 பதிப்பில் அந்த இடத்துக்கு 'டாஷ்' என்ற சிறிய, வேகமான ஷெல்லைக் கொண்டுவந்தார்கள். பாஷுக்கே உரிய வசதிகளை நம்பி, ஆனால் 'எஸ்எச்' என்று போட்டு எழுதிய ஸ்கிரிப்ட்கள் உடைந்தன. பாஸிக்ஸை ஒட்டி எழுதியவை தொடர்ந்து ஓடின. இன்று கன்டெய்னர்களில் பிரபலமான ஆல்பைன் லினக்ஸில் பாஷ் இயல்பாக இருப்பதில்லை. அதே பாடத்தை ஒவ்வொரு வருஷமும் ஒரு புதிய பேட்ச் கற்றுக்கொள்கிறது.

லினக்ஸுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு. தரநிலையே இல்லாவிட்டால் எது வழக்கம், எது வாக்குறுதி என்று பிரித்துப் பார்க்க ஆதாரம் இருக்காது. ஒரு செயலாக்கம் மட்டுமே சட்டமாகிவிட்டால் அதன் பிழையும் சட்டமாகிவிடும். அதை ஆட்டிவைக்கும் நிறுவனங்களின் விருப்பமும் சேர்ந்து சட்டமாகும். 1980களில் ஆளுக்கொரு யூனிக்ஸ் இருந்தது ஒரு சிறை. எல்லாருக்கும் ஒரே யூனிக்ஸ் என்பது அதைவிடப் பெரிய சிறையாக இருக்கலாம்.

தரநிலையை எதிர்த்துக் கேள்வி கேட்கவும் எழுதி வைத்த ஒன்று வேண்டும். வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லும் கட்டளை 512 பைட் கணக்கில்தான் சொல்ல வேண்டும் என்று பாஸிக்ஸ் விதித்தது. பழைய யூனிக்ஸ் வழக்கம் அது. ஸ்டால்மனின் குனு திட்டம் ஒப்புக்கொள்ளவில்லை. 1024 பைட்தான் மனிதருக்கு வசதி என்று அதையே இயல்பாக வைத்துக்கொண்டு, விதிப்படியே வேண்டும் என்பவர்களுக்கு 'பாஸிக்ஸ்லி கரெக்ட்' என்று ஒரு சுவிட்சைக் கொடுத்தது. பெயர் கொடுத்தவரே விதியை மீறினார். ஆனால் எங்கே மீறினோம் என்று எழுதி வைத்தார். அதுதான் ஆரோக்கியமான மீறல்.

மேசையில் யார் இருப்பது?

இதுதான் கடைசிக் கேள்வி, முக்கியமானதும்கூட. சென்னையிலும் கோவையிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்களின் சம்பளம் இந்த ஆவணத்தின் மேல் நிற்கிறது. சர்வர் பராமரிப்பவர், கார் மென்பொருள் எழுதுபவர், கிளவுட் வேலை பார்ப்பவர் என்று யாரும் விலக்கில்லை. இதில் எத்தனை பேர் ஒரு பக்கமாவது திறந்து பார்த்திருப்பார்கள்? சந்தேகம் வந்தால் கூகுள், அதுவும் சலித்தால் ஏஐ. அவை சொல்லும் பதில் எந்தக் கணினியில் சரி, எதில் தப்பு என்பதைத் தீர்த்துச் சொல்லும் மூலநூல் ஒரு கிளிக் தூரத்தில், இலவசமாக இருக்கிறது.

படிப்பதோடு நிற்கவும் வேண்டாம். வாசகத்தில் குழப்பம் இருந்தால் ஆஸ்டின் குழுவின் பொதுப் பிழைப்பட்டியலில் யாரும் பதியலாம். நிறுவனங்களும் தங்கள் பொறியாளர்களின் நேரத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கலாம். அடுத்தவர் எழுதிய விதிக்கு ஏற்ப நிரல் எழுதிக் கொடுப்பதில் இந்த ஊர் பேர் வாங்கிவிட்டது. விதியை எழுதும் இடத்தில் உட்காருவது அதற்கு அடுத்த படி.

அடுத்த பெரிய பதிப்பு எப்போது வரும் என்பது பெரிய விஷயமில்லை. 10 வருஷம் ஆனாலும் ஆகட்டும். அதற்குள் எந்த ஒற்றையடிப் பாதைக்குக் கல் பதிப்பது என்று முடிவெடுக்கும்போது, அந்தப் பாதையில் தினமும் நடப்பவர்களும் அங்கே இருக்க வேண்டும். கதவு 1998லிருந்தே திறந்துதான் இருக்கிறது. உள்ளே போவதுதான் பாக்கி.